வாள் மண்வெட்டியாகும் நாள்

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் சங்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும். அண்டை வீடுகளுக்குக் கேக்கும் முறுக்கும் போகும். ஆனால், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் 'அட்வெந்து' என்னும் காத்திருப்பின் நாட்கள் என்பது மற்ற அன்பர்கள் பலருக்குத் தெரியாது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை, அதன் முதல் ஞாயிறன்று பல சபைகளில் ஏசாயா நூலின் இரண்டாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது.

ஏசாயா கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் எருசலேமில் வாழ்ந்தவர். அசீரியப் பேரரசு சிறு நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கிவந்த காலம் அது. கி.மு. 701-இல் யூதேயா மீது படையெடுத்த சனகெரிப் மன்னன், அரணுள்ள 46 ஊர்களைப் பிடித்ததாகப் பொறித்து வைத்தான். லாகீஸ் நகரம் வீழ்ந்த காட்சியை நினிவே அரண்மனைச் சுவர்களில் செதுக்கினான். அந்தக் கற்பலகைகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

அப்படிப்பட்ட காலத்தில்தான் அந்தக் கனவு பிறந்தது. எல்லா இனத்தாரும் கடவுளின் மலைக்கு வழி கேட்டு வருவார்கள். அவர் அவர்களுடைய வழக்குகளைத் தீர்ப்பார். பிறகு அவர்கள் வாளை உழுபடையாகவும் ஈட்டியை அரிவாளாகவும் அடித்துக்கொள்வார்கள். போர்ப் பயிற்சியே மறந்துபோகும். நம் தமிழ் வேதாகமம் உழுபடைக்கு 'மண்வெட்டி' என்று அழகாகச் சொல்கிறது. மீகா நூலிலும் இதே கனவு உண்டு. அங்கே ஒவ்வொருவரும் தம் திராட்சைக் கொடியின் கீழும் அத்திமரத்தின் கீழும் அச்சமின்றி உட்கார்ந்திருப்பார்கள். யோவேல் நூலிலோ கட்டளை தலைகீழ்: மண்வெட்டியை வாளாக்கு என்கிறது. ஆக, இரும்பு ஒன்றுதான். அடிப்பவன் மனம்தான் வேறு.

ரயில்வே பட்டறையில் பல்லாண்டு உலைக்களத்தைப் பார்த்தவன் நான். குளிர்ந்த இரும்பை அடித்தால் விரிசல்தான் விழும்; சிவக்கக் காய்ச்சிய பிறகே அது வளைந்து கொடுக்கும். எந்த வேலைக்கும் வரிசை முக்கியம். ஏசாயாவின் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் நியாயம், அதன் பிறகே சம்மட்டி. யாரும் வந்து ஆயுதங்களைப் பறிப்பதில்லை. வழக்கு தீர்ந்ததால் வாள் வைத்திருந்தவனே அதை அடித்து மாற்றுகிறான்.

1959-இல் சோவியத் நாடு, வாளை உழுபடையாக அடிக்கும் மனிதனின் வெண்கலச் சிலையை ஐ.நா. சபைக்குப் பரிசளித்தது. அது நியூயார்க்கில் நிறுவப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1962 அக்டோபரில், சிலை தந்த நாடும் சிலை நிற்கும் நாடும் கியூபாவை முன்னிட்டு அணு ஆயுதப் போரின் விளிம்புக்கே போய்விட்டன. சிலை வைப்பது எளிது. வழக்குத் தீர்ப்பதுதான் கடினம்.

யூதர்கள் தங்கள் ஜெப ஆலயத்தில் வேதச் சுருளை வெளியே எடுக்கும்போது இதே பகுதியின் வரியைப் பாடுகிறார்கள். அந்தச் சமாதானம் இன்னும் வரவில்லையே என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். கிறிஸ்தவர்களாகிய நாங்கள் அது இயேசுவில் தொடங்கிவிட்டது என நம்புகிறோம். முடிந்துவிட்டது என்று சொல்வதில்லை. அதனால்தான் காத்திருக்கிறோம்.

1950-இல் வந்த தென்னிந்தியத் திருச்சபை வழிபாட்டு முறையில், திருவிருந்துக்கு முன் சமாதானம் கைமாறும் சடங்கு இடம்பெற்றது. ஒருவர் கையை மற்றவர் தம் இரு கைகளுக்குள் வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பார். பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுப்பது சுலபம். எனக்கோ என் தம்பியோடு ஆறு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. ஊரில் அப்பா விட்டுப்போன கிணறும் தோட்டமும்தான் காரணம். காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதை அறிந்தும், ஞாயிறுதோறும் யாரோ ஒருவர் கையைப் பிடித்துவிட்டு வீடு திரும்பினேன்.

ஓர் அட்வெந்து ஞாயிறன்று இந்த வாசகம் என்னைச் சுட்டது. அன்றிரவே தம்பிக்குக் கடிதம் எழுதினேன்: "சித்தப்பா சொல்வதை இருவரும் ஏற்போம்." சித்தப்பா கிணற்றைப் பொதுவில் வைத்தார், தோட்டத்தில் பெரும்பங்கை அங்கேயே உழைத்த தம்பிக்குக் கொடுத்தார். எனக்கு வலித்தது, ஆனால் அது நியாயம். அடுத்த கோடையில் அந்தக் கிணற்றடியில் எங்கள் பேரப்பிள்ளைகள் சேர்ந்து குளித்தார்கள்.

உலகத்தின் வாள்கள் எப்போது மண்வெட்டிகளாகும் என்பதைக் கடவுள் அறிவார். நம் வீட்டு வாளை எப்போது உலையில் வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது. வெளியூரில் வாழும் நமக்கு ஊரில் முறிந்த உறவு ஏதேனும் இருந்தால், இந்த டிசம்பரில் ஒரு கடிதம் எழுதிப் பாருங்களேன்.