சிங் வழக்கு (கனடா, 1985)

புகலிடம் கோருபவரின் சொல் நம்பத்தக்கதா என்பதே கேள்வியாக இருக்கும்போது, அவரை நேரில் விசாரிக்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதைக் கனடாவில் நிலைநாட்டிய வழக்கு சிங் வழக்கு ஆகும். கனடா உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரல் 4 அன்று இதில் தீர்ப்பளித்தது.

பழைய நடைமுறை

1976ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டப்படி, குடிவரவு அதிகாரி ஒருவர் கோரிக்கையாளரிடம் உறுதிமொழி பெற்று விசாரிப்பார். அதன் எழுத்துப்படி ஓர் ஆலோசனைக் குழுவுக்குச் செல்லும். குழுவின் கருத்தைப் பெற்று அமைச்சர் முடிவு செய்வார். மறுக்கப்பட்டவர் குடிவரவு மேல்முறையீட்டு வாரியத்தை நாடலாம். வாரியமோ முதலில் தாள்களை மட்டுமே பார்க்கும். கோரிக்கை வெல்லக்கூடும் என்று அதற்குத் தோன்றினால்தான் நேர் விசாரணை உண்டு.

குறை என்ன?

அமைச்சர் எந்தத் தகவல்களை வைத்து மறுத்தார் என்பது மேல்முறையீடு செய்பவருக்குத் தெரியாது. தெரியாத குற்றச்சாட்டுக்கு எப்படி மறுமொழி கூறுவது? மேலும், உயிர் தப்பி ஓடுபவர் சான்றிதழ்களைத் திரட்டிக்கொண்டு ஓடுவதில்லை. பல வழக்குகளில் அவர் வாய்ச்சொல்லே முதன்மைச் சான்று. அதில் முரண் தோன்றினால், அது பொய்யா, மொழிபெயர்ப்புப் பிழையா, அச்சத்தால் வந்த தடுமாற்றமா என்பதைத் தாள் காட்டாது. அவரைக் கேட்டால்தான் தெரியும்.

தீர்ப்பு

வழக்குத் தொடுத்த ஏழு பேருக்கும் சாதகமாக ஆறு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். காரணம் கூறுவதில் மட்டும் மூவர் மூவராகப் பிரிந்தனர். நீதிபதி பெர்த்தா வில்சன் உள்ளிட்ட மூவர் 1982ஆம் ஆண்டு உரிமைகள் சாசனத்தின் 7ஆம் பிரிவையும், மற்ற மூவர் 1960ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தையும் ஆதாரமாகக் கொண்டனர். சாசனத்திலுள்ள ‘ஒவ்வொருவரும்’ என்னும் சொல், குடியுரிமை இல்லாவிட்டாலும் கனடா மண்ணில் இருக்கும் எவரையும் குறிக்கும் என்றார் வில்சன். அனைவரையும் நேரில் விசாரிப்பது பெருஞ்சுமை என்ற அரசின் வாதத்தை அவர் ஏற்கவில்லை. நிர்வாக வசதிக்காக அடிப்படை நீதியை விட்டுக்கொடுக்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு.

அந்த ஏழு பேரும் அகதிகள் என்று நீதிமன்றம் அறிவிக்கவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அவர்களின் கோரிக்கைகளை முறையாக விசாரிக்குமாறு திருப்பி அனுப்பியது. முறையான விசாரணைக்குப் பின்னும் ஒரு கோரிக்கை தோற்கலாம். விசாரிக்காமலே தோற்கக் கூடாது.

பின்விளைவு

1989இல் குடிவரவு மற்றும் அகதிகள் வாரியம் தொடங்கப்பட்டு, நேர் விசாரணை முறை வந்தது. 2012 டிசம்பரில் அகதிகள் மேல்முறையீட்டுப் பிரிவு செயல்படத் தொடங்கியது. அது பெரும்பாலும் ஆவணங்களைக் கொண்டே முடிவெடுக்கிறது. புதிய சான்று ஒருவரின் நம்பகத்தன்மை பற்றி முக்கியக் கேள்வி எழுப்பினால் நேரில் விசாரிக்கலாம். தீர்ப்பு வந்த ஏப்ரல் 4, கனடாவில் அகதிகள் உரிமை நாளாக நினைவுகூரப்படுகிறது.