மூன்று புள்ளியும் ஒரு கிண்ணமும்



காற்பந்து என்றால் நம் தோட்டப்புறத்தில் சிறியவர் பெரியவர் எல்லாருக்கும் ஆசைதான். யார் கோல் போட்டார் என்று மறுநாள் பெரட்டுக்களத்தில் பேசிக்கொள்கிறோம். ஆனால் ஒரு பருவம் முழுவதும் நடக்கும் போட்டியில் வெற்றியாளர் எப்படித் தேர்வாகிறார் என்பது பலருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை. இன்று அதைப் பார்ப்போம்.

நம் நாட்டின் பழம்பெரும் போட்டி மலேசியக் கிண்ணம். 'மலாயா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் இருந்தவர்கள் கொடுத்த கிண்ணத்திற்காக 1921இல் அது தொடங்கியது. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2–1 என்று சிலாங்கூரை வென்றது. மறு ஆண்டே சிலாங்கூர் கிண்ணத்தைக் கைப்பற்றியது. 1967இல் அது மலேசியக் கிண்ணம் ஆயிற்று. 2015ஆம் ஆண்டு வெற்றியோடு சிலாங்கூர் அதை 33 முறை வென்றிருக்கிறது.

போட்டி இரு வகைப்படும். ஒன்று லீக். அது நம் செக்ரோல் கணக்கைப் போன்றது. ஒருநாள் குறைந்தாலும் மாத முடிவில் மொத்தம்தான் பேசும். இன்று வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. 13 ஆட்டங்களில் 8 வெற்றி, 3 சமநிலை, 2 தோல்வி கண்ட குழுவுக்கு 24உம் 3உம் சேர்ந்து 27 புள்ளிகள். இன்னொரு குழுவும் 27 எடுத்தால், பெரும்பாலும் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள். 24 கோல் போட்டு 10 வாங்கிய குழுவின் வித்தியாசம் 14. 30 போட்டு 19 வாங்கிய குழுவுக்கு 11தான். ஆகவே முதல் குழு முன்னே நிற்கும். கோலைக் காப்பவனும் கோல் போடுபவனுக்குச் சமம் என்பது இதில் விளங்கும்.

மற்றது தோற்றவர் வெளியேறும் போட்டி. அது பரீட்சை போன்றது. அன்றைய நாள்தான் கணக்கு. 1979 முதல் மலேசியக் கிண்ணத்தில் இரண்டையும் சேர்த்தார்கள். முதலில் லீக், பிறகு முதல் நான்கு குழுக்களுக்கு அரையிறுதி. 1982இல் லீக்கில் முதலிடம் பினாங்கிற்கு. கிண்ணமோ திரங்கானுவை 1–0 என்று வென்ற சிலாங்கூருக்கு. இரண்டும் நியாயமே. 1979 இறுதியாட்டத்தில் வென்ற சிலாங்கூர், 1980இல் சிங்கப்பூரிடம் 2–1 என்று தோற்றது. 1981இல் அதே சிங்கப்பூரை 4–0 என்று வென்றது. ஒரு தோல்வியோடு எதுவும் முடிந்துவிடுவதில்லை.

அந்நாளில் சிலாங்கூரின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று அழைக்கப்பட்டவர். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2–1 என்று வென்று ஒலிம்பிக் தகுதி பெற்ற மலேசியக் குழுவில் அவரும் இருந்தார். மாஸ்கோ ஒலிம்பிக்கை மலேசியா புறக்கணித்ததால் அவர்கள் போகவில்லை. 1988இல் சாலை விபத்தில் அவர் காலமானார்.

நம் சமூகத்தின் மிஃபா குழுவின் கதையையும் அறிய வேண்டும். 2016இல் எஃப்.ஏ.எம். லீக்கை வென்று மேலே ஏறியது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. ஒரு குழு நிலைத்து நிற்க ஆட்டத் திறமை மட்டும் போதாது; நிர்வாகமும் பணமும் ஆண்டுதோறும் வேண்டும்.

பத்தாங் பெர்ஜுந்தையிலும் புக்கிட் ரோத்தானிலும் ஜெராமிலும் பந்துதைக்கும் நம் பிள்ளைகளுக்கு வழி எது? பள்ளிக் குழு, பிறகு மாவட்டம், பிறகு மாநிலம், பிறகு தேசியம் என்று பள்ளி விளையாட்டுப் போட்டிகள் படிப்படியாக நடக்கின்றன. பள்ளிக்கு ஒழுங்காக வராத பிள்ளைக்கு முதற்படியே இல்லை. இப்போட்டிகள் வயதுவாரியாக நடப்பதால் வயதுக்குச் சான்றும் வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை எவ்வளவு நன்றாக ஆடினாலும் பெயர்ப்பட்டியலில் ஏற முடியாமல் போகலாம். பத்திரம் எடுக்காத பெற்றோர் தேர்வு நாள்வரை காத்திராமல் இப்போதே பதிவு இலாகாவை நாடுங்கள்.

பெண் பிள்ளைகளையும் திடலுக்கு அனுப்புங்கள். தோட்டம் கைமாறும்போது திடலும் போய்விடுவதுண்டு. இருக்கும் திடலில் புல்வெட்டி, கோல் கம்பம் நட்டுப் பேணுவது நம் கையில்தான் இருக்கிறது.