முகத்தில் எழுதிய பெயர்

ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, 1820-களின் நடுவில், இங்கிலாந்து தேசத்து லிவர்பூல் நகரத்துக்கு ஒரு விசித்திரமான விருந்தாளி வந்து சேர்ந்தார். பெயர் தே பேஹி கூப்பே. நியூஜிலாந்துத் தீவுகளின் ஆதிக்குடிகளான மாவோரி ஜனங்களில், ங்காத்தி தோவா என்னும் குலத்துத் தலைவர்களுள் ஒருவர். துப்பாக்கி சம்பாதிக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்துடன், அந்தக் கடல் வழியே வந்த ஆங்கிலக் கப்பல் ஒன்றில் ஏறிக்கொண்டு, இறங்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து வந்தவர். நெற்றி முதல் மோவாய் வரையில் அவர் முகம் முழுவதும் கரிய சுழிகளும் வளைவுகளும் செதுக்கப்பட்டிருந்தன. லிவர்பூலில் ஓவியர் ஒருவர் அவருடைய படத்தை எழுதியபோது, மூக்கும் கண்ணும் சரியாக வந்தனவா என்பதைப் பற்றி அவர் சிறிதும் கவலைப்படவில்லை. அந்தக் கோடுகள் சரியாக வரவேண்டுமே என்பதுதான் அவர் கவலை! கடைசியில் தாமே எழுதுகோலை வாங்கி, கண்ணாடியைக்கூடப் பாராமல், தம் முகத்துக் கோடுகள் அத்தனையையும் காகிதத்தில் வரைந்து கொடுத்தார். அத்தோடு நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்த தம் சகோதரனுடைய முகத்தையும் மகனுடைய முகத்தையும் ஞாபகத்திலிருந்தே வரைந்தார். வெள்ளைக்காரர் தம் பெயரைப் பேனாவினால் எழுதுகிறார்கள், தம்முடைய பெயரோ தம் முகத்திலேயே இருக்கிறது என்பது அவர் சொன்னதன் சாரம்.

பச்சை குத்திக்கொள்வது நமக்குப் புதிய சங்கதியல்ல. நம் பாட்டிமார்களின் முன்கையில் கோலமும், மோவாயில் மூன்று புள்ளியும் பார்த்து வளர்ந்தவர்கள்தாம் நாம். நடுவில் அது பட்டிக்காட்டு வழக்கம் என்று பெயர் வாங்கி மறைந்தது. இப்போது பட்டணத்து நாகரிகமாகத் திரும்பி வந்திருக்கிறது. என்னிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகளே கல்லூரி விடுமுறையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரையில் படத்தோடு வந்து நிற்கிறார்கள். "வலித்ததா?" என்று கேட்டால் சிரிக்கிறார்கள். "உத்தியோகத்துக்குப் போகும்போது என்ன செய்வாய்?" என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடுகிறது. முழுக்கைச் சட்டை இருக்கிறது என்று ஒருவன் பதில் சொன்னான். சட்டையால் மூட முடியாத இடத்தில், அதாவது முகத்திலேயே, அதைத் தாங்கி வாழ்ந்தவர்களும் இன்று வாழ்பவர்களுமான மாவோரி மக்களின் கதையை அதனால்தான் எழுத முற்பட்டேன்.

அவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'மோக்கோ'. இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். மாதாவோரா என்று ஒரு தலைவன் இருந்தான். பாதாள லோகத்துப் பெண்ணாகிய நிவாரேக்கா என்பவளை மணந்துகொண்டான். ஒரு நாள் பொறாமையினால் மதியிழந்து அவளை அடித்துவிட்டான். பெண்ணை அடிப்பது என்பது அவள் பிறந்த உலகத்தில் கேட்டறியாத காரியம். அவள் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைத் தேடிக்கொண்டு மாதாவோரா பாதாளத்துக்கு இறங்கினான். அங்கே அவளுடைய தகப்பன் உவேத்தோங்கா ஒருவன் முகத்தில் உளி கொண்டு செதுக்கிக்கொண்டிருந்தான். மாதாவோராவின் முகத்திலும் கோலம் இருந்தது. ஆனால் அது வர்ணம் தீட்டிய கோலம். மாமனார் கையால் ஒரு முறை துடைத்ததும் அவ்வளவும் அழிந்து போயிற்று! சுற்றியிருந்தவர்கள் நகைத்தார்கள். அவமானம் தாங்காமல், தனக்கும் செதுக்கும்படி மாதாவோரா கேட்டுக்கொண்டு படுத்தான். வலி பொறுக்காமல் மனைவியின் பெயரைச் சொல்லிப் பாடினான். அந்தப் பாட்டு அவள் காதில் விழுந்தது; வந்தாள்; முகம் ஆறும் வரையில் பணிவிடை செய்தாள். பிறகு இருவரும் பூலோகத்துக்குத் திரும்பியபோது இந்தக் கலையையும் கொண்டு வந்தார்கள். துடைத்தால் அழிகிற முகம், துடைத்தாலும் அழியாத முகம் என்ற இந்த வேற்றுமையில்தான் கதையின் உயிர் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய நாளில் இதைச் செய்த முறை ஊசி முறையல்ல. 'உஹி' என்பது எலும்பினால் செய்த சிற்றுளி. அல்பட்ராஸ் என்னும் பெரிய கடற்பறவையின் எலும்பு இதற்கு மிகவும் ஏற்றது. அதை ஒரு சிறு பிடியில் பொருத்தி, தோலின்மேல் வைத்து, சிறு கோலால் தட்டுவார்கள். நம் கொல்லன் பட்டறையில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவதைப் பார்த்தவர்கள் மனத்தில் கற்பனை செய்துகொள்ளலாம். தோல் வெட்டுண்டு பள்ளம் விழும். பிறகு மையில் தோய்த்த உளியால் அந்தப் பள்ளத்தில் மறுபடியும் தட்டுவார்கள். ஆகையால் பழைய மோக்கோ தொட்டுப் பார்த்தால் வழுவழுப்பாயிராது. மரச்சிற்பம்போல வரிவரியாகக் குழிந்திருக்கும். மை செய்வதற்குக் கௌரி என்ற மரத்தின் பிசினை எரித்துப் புகைக்கரி பிடிப்பார்கள். (நம் கௌரிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை, வெறும் பெயரொற்றுமைதான்.) காளான் பற்றி மரக்கட்டைபோல இறுகிப்போன ஒருவகைப் புழுவைச் சுட்டும் கரி எடுப்பதுண்டு. அந்த மையைச் செதுக்கு வேலை செய்த சிறு கிண்ணங்களில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

ஒரே நாளில் முடிகிற காரியமா இது? ஒரு பகுதி வெட்டுவார்கள். முகம் வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். அது வடிந்த பிறகு அடுத்த பகுதி. ஒரு முகம் நிறைவு பெற ஆண்டுகள் பல ஆவதும் உண்டு. செதுக்கிக்கொள்பவன் அக்காலத்தில் 'தாபு' என்ற தீட்டுக்கும் புனிதத்துக்கும் உட்பட்டவன். தன் கையால் உணவைத் தொடக்கூடாது. உதடு வீங்கியிருப்பதால் மென்று தின்னவும் முடியாது. ஆகையால் அழகாகச் செதுக்கிய மரப் புனல் ஒன்றை வாயில் வைத்து, கூழான ஆகாரத்தை அதன் வழியே ஊற்றுவார்கள். அந்தப் புனல்கள் இன்றும் பொருட்காட்சி சாலைகளில் இருக்கின்றன. புண்ணின்மேல் கரகா என்னும் மரத்தின் இலையை வைப்பார்கள். வேதனையை மறக்க உறவினர் பக்கத்திலிருந்து பாடுவார்கள். இவ்வளவும் முடிந்த பின் கிடைப்பது வெறும் அலங்காரமல்ல. எந்த வம்சம், என்ன அந்தஸ்து, என்ன சாதனை என்பதையெல்லாம் அறிந்தவர் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடலாம். ஸ்திரீகளுக்குப் பெரும்பாலும் உதட்டிலும் மோவாயிலும். அதற்கு 'மோக்கோ கௌவாயி' என்று பெயர். 1840-ம் வருஷம் பிப்ரவரி 6-ந் தேதி ஆங்கிலேயருடன் தொடங்கிய வைத்தாங்கி ஒப்பந்தத்தில், கையெழுத்துக்குப் பதிலாகத் தம் முகக் கோட்டின் ஒரு பகுதியை வரைந்த தலைவர்கள் உண்டு.

இங்கே ஒரு விஞ்ஞான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் தொழில் விடுகிறதா? நம் மேல்தோல் சுமார் ஒரு மாதத்துக்கொரு முறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. அப்படியிருக்கப் பச்சை மட்டும் ஏன் போவதில்லை? மை தங்குவது மேல்தோலில் அல்ல, அதன் கீழுள்ள உட்தோலில். அந்நியப் பொருள் நுழைந்துவிட்டது என்று தேகத்தின் காவல் அணுக்கள் ஓடி வந்து மைத்துகள்களை விழுங்குகின்றன. ஆனால் ஜீரணிக்க முடியாமல் வயிற்றில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகின்றன. அந்த அணு இறந்தால் மை வெளியே வரும். உடனே பக்கத்திலுள்ள இன்னொரு அணு அதை விழுங்கிக்கொள்ளும். பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2018-ல் இதை எலிகளிடம் பரிசோதித்துக் காட்டினார்கள். ஆகவே ஒருவர் கையிலுள்ள பச்சை, தலைமுறை தலைமுறையாக அணுக்கள் ஒன்றுக்கொன்று ஒப்படைத்துவரும் பிதிரார்ஜிதச் சொத்து என்றே சொல்லலாம். லேசர் ஒளியால் அழிக்க முயல்பவர்கள் பல தடவை போய்ப் படுக்கவேண்டியிருப்பதும் இதனால்தான்.

இன்று பெரும்பாலும் மின்சார ஊசியினாலேயே மோக்கோ இடுகிறார்கள். எலும்பு உளியை மீண்டும் பழகியவர்களும் சிலர் உண்டு. ஊசியினால் செய்தால் முகத்தோல் இரண்டு மூன்று வாரத்தில் மேலுக்கு ஆறிவிடுகிறது. உள்ளே முற்றிலும் சரியாக மேலும் சில வாரங்கள் ஆகும். பொருக்கைக் கையால் உரிக்கக்கூடாது, குளத்திலும் கடலிலும் முழுகக்கூடாது, வெயில் படக்கூடாது என்பவை பொது விதிகள். ஆறும் புண்ணுக்குக் கவாகவா என்னும் செடியின் இலையால் செய்த களிம்பைப் பலர் தடவுகிறார்கள். அந்தச் செடி நம் வெற்றிலையும் மிளகும் சேர்ந்த அதே இனத்தது. இலையும் கிட்டத்தட்ட இதய வடிவம். தாம்பூலம் போடும் நமக்கு அது தூரத்துப் பங்காளி!

இனிச் சொல்ல வேண்டியது மனத்துக்கு இதமான பகுதியல்ல. ஐரோப்பியர்களுக்கு இந்த முகங்களின்மேல் ஆசை பிறந்தது. காப்டன் குக்குடன் சென்ற ஜோசப் பாங்ஸ் 1770-லேயே பதம் செய்யப்பட்ட தலை ஒன்றை வாங்கினார். போற்றுதற்குரிய மூதாதையரின் தலையையும், பகைவரின் தலையையும் பதம் செய்து வைப்பது மாவோரிகளின் வழக்கம். துப்பாக்கி வியாபாரிகள் வந்தபின் அது சரக்காயிற்று. குலங்களுக்குள் போர் மூண்டது. துப்பாக்கி இல்லாத குலம் அழிந்தது. துப்பாக்கிக்கு விலையாகத் தலை கேட்டார்கள். அடிமைகளுக்கு முகத்தில் செதுக்கிப் பிறகு விற்ற கொடுமையும் நடந்தது. 1831-ல் ஸிட்னியிலிருந்த கவர்னர் டார்லிங் இந்த வியாபாரத்துக்குத் தடை போட்டார். ஆனாலும் சேகரித்தவர்கள் சேகரித்துக்கொண்டே இருந்தார்கள். நியூஜிலாந்தில் போர் புரிந்த ராப்ளி என்ற ஆங்கில அதிகாரி, மோக்கோவைப் பற்றி 1896-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதியவர், முப்பதுக்கு மேற்பட்ட தலைகளைத் தம் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். அவற்றை வாங்கிக்கொள்ள நியூஜிலாந்து சர்க்கார் மறுத்தபின், பெரும்பகுதி நியூயார்க் பொருட்காட்சி சாலைக்குப் போயிற்று. 2014-ல்தான் அவை தாயகம் திரும்பின. பிரான்ஸ் தேசம் இதற்கென 2010-ல் தனிச் சட்டமே செய்யவேண்டியிருந்தது. ரூவான் நகரத்திலிருந்த தலை 2011-ல் திரும்பிற்று. திரும்பியவற்றில் பல எந்தக் குலத்தைச் சேர்ந்தவை என்று தெரியவில்லை. அவற்றைத் தே பாப்பா என்னும் தேசீயப் பொருட்காட்சி சாலையில், யாரும் வேடிக்கை பார்க்க முடியாத தனியிடத்தில் வைத்திருக்கிறார்கள்.

1860-களின் நிலப்போர்களுக்குப் பிறகு ஆடவர் முகத்தில் செதுக்குவது ஏறக்குறைய நின்றே போயிற்று. விட்டுக்கொடுக்காதவர்கள் ஸ்திரீகள். உளி போய் ஊசி வந்தது; ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பெண்கள் மோவாயில் இட்டுக்கொண்டே வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசிய குழந்தைகளுக்குப் பிரம்படி விழுந்த காலம் அது. (ஆசிரியன் என்ற முறையில் இந்த வரியை எழுதக் கை கூசுகிறது.) மைக்கேல் கிங் என்பவரும், படம் பிடிப்பதில் வல்லவரான மார்ட்டி பிரீட்லாண்டர் அம்மையாரும், எஞ்சியிருந்த கிழவிகளைத் தேடிப்போய் 1972-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அப்போது பலரும் எண்ணியது, இது மறையப்போகிற கலைக்கு எழுதிய கடைசிக் குறிப்பு என்றுதான்.

அப்படி நடக்கவில்லை. 1982-ல் மழலைகளுக்குத் தாய்மொழிப் பள்ளிகள் தோன்றின. 1987-ல் மாவோரி பாஷை ராஜ்ய பாஷைகளில் ஒன்றாயிற்று. பாஷை திரும்பியபோது முகமும் திரும்பிற்று. ஆனால் அந்த முகத்தோடு சம்பளத்துக்கு வேலை தேடவேண்டும் அல்லவா? ரௌடிக் கூட்டத்தார் பலர் முகத்தில் பச்சை குத்திக்கொண்டிருந்தபடியால், எந்த மோக்கோவைக் கண்டாலும் கடைக்காரர் அஞ்சினார். முதலாளி கதவைச் சாத்தினார். அந்நாட்டு ஆகாய விமானக் கம்பெனிகூட, வெளியே தெரியும் பச்சையுடன் ஊழியர் வரலாமென்று அனுமதித்தது 2019-ல்தான்.

நானாயா மகூத்தா என்ற அம்மையார் 2016-ல், பாராளுமன்ற அங்கத்தினராக இருக்கும்போதே மோவாயில் மோக்கோ இட்டுக்கொண்டார். 2020 முதல் 2023 வரை அவரே அந்நாட்டின் வெளிநாட்டு மந்திரி. உலகத் தலைவர்களோடு அவர் நின்ற படங்களை வாசகர்கள் பார்த்திருக்கலாம். ராவிரி வைத்தித்தி என்ற அங்கத்தினருக்கு முகம் முழுவதுமே மோக்கோ. 2021-ல் சபாநாயகர் அவரைச் சபையை விட்டு வெளியேற்றினார். ஆட்சேபணை முகத்தைப் பற்றியல்ல, கழுத்தில் 'டை' இல்லை என்பதுதான்! சில தினங்களுக்குள் அந்த விதியும் போயிற்று. ஒரீனி கைப்பாரா என்ற மாது 2021 டிசம்பரில் மோக்கோ கௌவாயியுடன் டெலிவிஷனில் மாலைச் செய்தி வாசித்தார். பெருவாரியான ஜனங்கள் பார்க்கும் அந்த நேரத்தில் அப்படிப்பட்ட முகம் தோன்றியது அதுவே முதல் தடவை. பார்க்கச் சகிக்கவில்லை என்று ஒருவர் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். அம்மாது பதில் எழுதினார். செய்தியையும் தொடர்ந்து வாசித்தார். 2025-ல் அவரும் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர்களுக்குள்ளேயே தகராறுகளும் இல்லாமலில்லை. மோக்கோ இட்டுக்கொள்ள யாருக்கு உரிமை? தாய்மொழி பேசத் தெரியாத பெண் இட்டுக்கொள்ளலாமா? அதற்குரிய தகுதியை முதலில் சம்பாதிக்கவேண்டும் என்கிறார்கள் சிலர். பிறப்பே போதும், தகுதியை அப்புறம் வளர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் வேறு சிலர். அந்நியர் ஆசைப்பட்டால் 'கிரித்துகி' என்ற பெயரில், வம்ச வரலாறு எதுவும் கலவாத வெறும் சித்திரத்தை எழுதி அனுப்புகிறார்கள். தோலில் எழுதிய எழுத்து என்பது அதன் பொருள். அது மோக்கோவாகாது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதிதிக்குச் சோறு உண்டு, சொத்தில் பங்கு இல்லை.

ஒரு குடும்பத்தில் பெண்ணொருத்தி மோக்கோ கௌவாயி இட்டுக்கொள்ள முடிவு செய்தால், பெரியவர்களைக் கலந்து பேசி அவர்கள் சம்மதம் பெறுவது வழக்கம். குலத்தின் பொதுக்கூடத்திலேயே இதை நடத்துவோர் பலர். விடியற்காலையில் பிரார்த்தனை நடக்கும். பாயிலோ மேஜையிலோ அவள் படுத்திருக்க, ஊசி மோவாயில் ஓடும். உறவினர்கள் சுற்றிலும் உட்கார்ந்து பாடுவார்கள். கையையும் காலையும் பிடித்துக்கொண்டு வருடிக் கொடுப்பார்கள். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். எழுந்தவுடன் அவள் முதலில் போய் மூக்கோடு மூக்கு வைத்து வணங்குவது பாட்டியை. அந்தப் பாட்டியின் மோவாயில் பல வீடுகளில் ஒன்றுமே எழுதப்பட்டிருப்பதில்லை.