பனிக்கு அடியில் ஒரு காடு!



அண்டார்க்டிகான்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பனி, பெங்குவின், அவ்வளவுதானே? நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது, 'அங்கே நிலக்கரி இருக்கிறது' என்று படித்தேன். ஒரே குழப்பம்! மரம் செடிகள் மண்ணில் புதைந்துதானே நிலக்கரி ஆகும்? ஒரு மரம்கூட இல்லாத இடத்தில் கரி எப்படி வந்தது?

விடை தேட உதவியவர் கேப்டன் ஸ்காட். 1912 ஜனவரி 17 அன்று தென்துருவத்தை அடைந்த அவரும் நான்கு தோழர்களும் திரும்பும் வழியில் இறந்துபோனார்கள். பசி, கடுங்குளிர், காலெடுத்து வைக்கவே முடியவில்லை. அப்படியும் வழியில் சேகரித்த சுமார் 16 கிலோ கற்களை அவர்கள் தூக்கி எறியவே இல்லை! நவம்பரில் தேடிப் போனவர்கள் அவற்றைக் கண்டெடுத்தார்கள். கல்லுக்குள்ளே நாக்கு போல நீண்ட இலைகளின் அச்சு! அது குளோசாப்டெரிஸ் என்ற மரத்தின் இலை. 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன மரம் அது.

இதே இலை இந்திய நிலக்கரி வயல்களிலும் கிடைக்கிறது. காரணம், அப்போது இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, அண்டார்க்டிகா எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்தன. அந்தப் பெருநிலத்தின் பெயர் கோண்டுவானா. நம் நாட்டுக் கோண்டு பழங்குடி மக்கள் வாழும் பகுதியின் பெயர்தான் அது!

சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அது உடையத் தொடங்கியது. இந்தியா வடக்கே நகர்ந்து வந்து ஆசியாவில் மோதியது. அண்டார்க்டிகா தெற்கிலேயே தங்கிவிட்டது. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் கார்பன்-டை-ஆக்சைடு குறைந்து பூமி குளிர்ந்தது. பக்கத்துக் கண்டங்கள் விலகியதால் குளிர்ந்த நீரோட்டமும் அதைச் சுற்றிவர வழி கிடைத்தது. விழுந்த பனி உருகாமல் சேர்ந்து சேர்ந்து, இன்று சராசரியாக 2 கி.மீ. தடிமனில் கிடக்கிறது. 1983-இல் அங்கே பதிவான குளிர் மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸ்!

இனிமேதான் முக்கியமான விஷயம். ஒடிசாவின் தால்சேர் சுரங்கக் கரி கப்பலில் தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு வருகிறது. அதுவும் கோண்டுவானாக் காடு தந்த கரிதான். அண்டார்க்டிகாக் கரியும் அதுவும் கூடப்பிறந்தவை! அங்கே உள்ளதைத் தோண்டக் கூடாது என்று 1991-இல் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. இங்கே உள்ளதை நாம் எரிக்கிறோம். எந்த வாயு குறைந்ததால் அங்கே பனி சேர்ந்ததோ, அதே வாயுவை மறுபடியும் காற்றில் ஏற்றுகிறோம். 2002 முதல் செயற்கைக்கோள்கள் அளந்ததில், சராசரியாக ஆண்டுக்கு 10,000 கோடி டன்னுக்கு மேல் அங்கே பனி குறைந்திருக்கிறது. முழுவதும் உருகினால் கடல்மட்டம் சுமார் 58 மீட்டர் உயரும். நாளைக்கே நடக்காதுதான். ஆனா ஆரம்பிச்சாச்சே!

சாயங்காலம் மணி அடிச்சதும் நாம ஓடிடறோம். காலி வகுப்பில் ஃபேன் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. இனிமே நான் சுவிட்சை அணைச்சுட்டுத்தான் கிளம்புவேன். நீங்க?

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்