ஆமா, இல்லைன்னு முடியாத கேள்வி



சேமிப்பு வாங்கி, கடன் தவணையை வரவு வைத்து, தீர்மான நோட்டில் கையெழுத்தும் போட்டாச்சு. அதுக்கப்புறம் அரைமணி நேரம் நாவல் வாசிக்கிற பழக்கம் நம் குழுக்கள் சிலவற்றில் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் வாசித்து முடித்ததும், "கதை நல்லா இருந்துச்சா?" என்று கேட்கிறோம். "நல்லா இருந்துச்சு" என்று பதில் வருகிறது. உடனே எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள்!

பேச்சு வளரணும்னா கேள்வியை முன்கூட்டியே யோசித்து எழுதி வைக்க வேண்டும். எப்படி என்று ஒரு நாவலை வைத்தே பார்ப்போம்.

ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதிய 'புத்தம் வீடு' 1964-இல் வந்த நாவல். கன்னியாகுமரிப் பக்கத்துப் பனங்காட்டு ஊரில் நடக்கிற கதை. ஒரு காலத்தில் செழிப்பாக இருந்து நொடித்துப்போன வீடு. அந்த வீட்டுப் பேத்தி லிஸி. வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோகிறது, வாசல்படி தாண்ட முடியவில்லை. பனையேறியின் மகன் தங்கராஜ் மேல் அவளுக்கு ஆசை. வீட்டுக் கௌரவம் குறுக்கே நிற்கிறது. சின்ன புத்தகம்தான். நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இப்போது, "லிஸி படிப்பை நிறுத்தினது சரியா, தப்பா?" என்று கேட்டால் "தப்பு" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வோம். மேடையில் அப்படித்தானே சொல்கிறோம்? வீட்டில் என்ன செய்கிறோம் என்பது வேறு. அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "லிஸியை வீட்டோட நிறுத்தினதுல யாருக்கு என்ன லாபம், யாருக்கு என்ன நட்டம்?" கணக்கு நோட்டு எழுதுகிற நமக்கு இது பழகின கேள்விதான். ஒருத்தர் "வீட்டு வேலைக்கு ஆள் ஆச்சு" என்பார். இன்னொருத்தர் "ஊர் வாய்க்குப் பயந்து செஞ்சாங்க" என்பார். உடனே, "கதையில எந்த இடத்துல அப்படித் தோணுச்சு?" என்று கேட்டுவிடுங்கள். பேச்சு கதையை விட்டு எங்கேயோ ஓடாது.

பதிலை உள்ளேயே ஒளித்து வைக்கிற கேள்வியும் உதவாது. "பெண்ணை அடைச்சு வைக்கிறது எவ்வளவு கொடுமைன்னு இந்தக் கதை எப்படிக் காட்டுது?" என்று கேட்டால், தலையாட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லை. லிஸியின் தாத்தா கண்ணப்பச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பேத்தி மேல் உயிரையே வைத்திருப்பவர். "அவர் நல்லவரா, கெட்டவரா?" என்று கேட்காமல், "அந்தப் பாசம் லிஸிக்கு எங்கே துணையா இருந்துச்சு, எங்கே தடையா இருந்துச்சு?" என்று கேட்கலாம். தங்கராஜ் விஷயத்தில், "சாதி ஒண்ணுதான், அப்புறம் எது குறுக்கே நின்னுச்சு?" என்று ஒரு கேள்வி போதும். பனை யாருது, ஏறுகிறவர் யார் என்று பேச்சு தானே வரும்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். "உங்க வீட்டுல இப்படி நடந்துச்சா?" என்று யாரையும் பார்த்துக் கேட்கக் கூடாது. போன மாதம்தான் மகளின் படிப்பை நிறுத்தின அம்மா அங்கே உட்கார்ந்திருக்கலாம். மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருக்கலாம். குத்திக் கேட்டால் அவர் வாயை மூடிக்கொள்வார், அடுத்த வாரம் கூட்டத்துக்கே வரமாட்டார். லிஸியைப் பற்றிக் கேளுங்கள். லிஸியின் பேரில் நம் மனசில் இருப்பதைச் சொல்ல எல்லாராலும் முடியும். தன் கதையைச் சொல்ல விரும்புகிறவர் தானாகவே சொல்வார். அப்படிச் சொன்னது தீர்மான நோட்டுக்கும் போகக் கூடாது, தெருக்குழாய்க்கும் போகக் கூடாது.

ஒரு கூட்டத்துக்கு மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். எழுதத் தெரியாதவரும் கேள்வி சொல்லலாம், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்ளட்டும். கேள்வி கேட்டதும் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். அவசரப்பட்டு ஊக்குநரே பதில் சொல்லிவிடாதீர்கள். காத்திருங்கள்.

'புத்தம் வீடு' வாசித்து முடிக்கிற குழுக்களுக்கு நாங்கள் ஒரு கேள்வி தருகிறோம். கடைசியில் லிஸிக்கும் தங்கராஜுக்கும் கல்யாணம் நடக்கிறது. பல வருஷம் கழித்து லிஸியின் மகள் வயசுக்கு வந்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு லிஸி என்ன செய்வாள்? உங்கள் குழுவில் என்னென்ன சொன்னார்கள் என்று எழுதி அனுப்புங்கள். பேர் போட வேண்டாம்.