போனக்காட்டுப் பேறுகாலம்

அகஸ்தியகூடத்தின் அடிவாரத்தில், விதுராவைக் கடந்து காட்டுக்குள் வளைந்தேறும் பாதையின் முடிவில் இருக்கும் போனக்காடு, திருவனந்தபுரம் ஜில்லாவுக்குள் அடங்கியதே ஆயினும், பேச்சால் தமிழோடும் பிழைப்பால் தேயிலையோடும் பிணைந்த ஊர். வெள்ளையர் காலத்தில் உண்டான தோட்டத்துக்குக் கொழுந்து கிள்ள வந்த தமிழ்க் குடும்பங்களின் சந்ததியார், கூலி பாக்கியாகி ஆண்டுகள் பல சென்றும், தொழிற்சாலை ஓய்ந்தும், லயங்கள் எனும் தொழிலாளர் வரிசைவீடுகளின் கூரை சிதைந்தும், வேறு போக்கிடம் இன்றி இன்னமும் அங்கே வாழ்கிறார்கள். வெளியூரார் அந்த ஊரைப் பாழடைந்த பங்களா ஒன்றின் பேய்க்கதைக்காக நினைவில் வைத்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அங்கே ஒரு பெண் மாசமாக இருக்கிறாள் என்றால் அவளுக்கு உண்மையிலேயே அஞ்சத்தக்கது, அவளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே கிடக்கும் வழிதான்.

விதுராவில் தாலுக்கா ஆஸ்பத்திரி உண்டு. நெடுமங்காட்டில் ஜில்லா ஆஸ்பத்திரி உண்டு. சிக்கலான பிரசவங்களை ஏற்கும் ஸ்ரீ அவிட்டம் திருநாள் ஆஸ்பத்திரியோ, எஸ்.ஏ.டி. என்று ஜனங்கள் சொல்வது, திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில், ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பிரசவத்துக்குப் பிந்திய பெரும் ரத்தப்போக்கு, தடுக்கப்படாவிட்டால், சுமார் இரண்டு மணி நேரத்தில் உயிரைக் குடிக்கவல்லது என்பது வைத்திய நிபுணர் கணிப்பு. மலைப்பாதையும் நகரத்து நெரிசலும் சேர்ந்தால் அந்த இரண்டு மணி நேரமும் வண்டியிலேயே கழிந்துவிடும். ஆகவே, மலைமேல் வாழும் கர்ப்பிணியைக் காப்பது, அபாயம் வருமுன் அதன் சாடையை அறிந்துகொள்ளும் கண்ணும் கையுமே. அவை பெரும்பாலும் ஒரு நர்ஸின் கண்ணும் கையுமாகவே இருக்கின்றன.

ஒவ்வொரு மாதப் பரிசோதனையிலும் நர்ஸ் செய்வது பார்வைக்கு எளிய காரியம். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டதா, சிறுநீரில் புரதம் இறங்குகிறதா, வயிற்றின் உயரம் சென்டிமீட்டர் கணக்கில் வாரக் கணக்கோடு ஒத்து வளர்கிறதா, குழந்தையின் இதயம் நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்கிறதா என்று பார்த்துத் தாய்சேய் அட்டையில் எழுதுகிறாள். ஆனால் கேட்கவும் அவள் அறிந்திருக்க வேண்டும். தலைவலிக்கிறதா, கண் மங்குகிறதா, கால் மட்டுமன்றி முகமும் வீங்குகிறதா என்று கேட்டால், விடியுமுன் எழுந்து கொழுந்துக் கூடையைச் சுமந்து பழகிய பெண், உபாதையைச் சொல்வதே ஒரு குறை என்று எண்ணி, "ஒண்ணும் இல்லை சிஸ்டர், நெஞ்சுதான் கொஞ்சம் கரிக்குது" என்பாள். அந்தக் கரிப்பு மேல்வயிற்று வலியாக இருந்து, அழுத்தமும் ஏறியிருக்குமானால், அது ஜன்னி வருவதற்கு முன்னறிவிப்பு. அஜீரணம் என்று அதைத் தள்ளிவிடாமல், படுக்க வைத்து வலப்பக்க விலாவுக்குக் கீழே கைவைத்துப் பார்க்கிற நர்ஸ், அன்றே அவளை மலையிறக்குகிறாள்.

ரத்தசோகையின் கதை தோட்டத்துக்கே உரியது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை, 7-க்குக் குறைந்தால் கடுஞ்சோகை. அந்நிலையில் பிறர் தாங்கிக்கொள்ளும் ரத்தப்போக்குகூட இவளைக் கொன்றுவிடக்கூடும். அரசாங்கம் நாள்தோறும் ஓர் இரும்புச்சத்து மாத்திரையாக 180 நாளைக்குக் கொடுக்கிறது. ஆனால் எந்தத் தேயிலையைக் கிள்ளி இவர்கள் ஜீவிக்கிறார்களோ, அந்தத் தேநீரோடு மாத்திரையை விழுங்கினால் அதிலுள்ள இரும்பு உடம்பில் சரிவர ஒட்டுவதில்லை. சாயாவுக்கும் மாத்திரைக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடும்படி சொல்லி, அடுத்த முறை அதை நினைவாகக் கேட்பவளே நல்ல நர்ஸ். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழுவும் உண்டு. இலங்கைத் தோட்டங்களில் 1916-லேயே ராக்ஃபெல்லர் அறநிலையத்தார் அப்புழுவை எதிர்த்து இயக்கம் தொடங்கியதற்குக் காரணம், தமிழ்த் தொழிலாளரின் ரத்தத்தை அது அத்தனை உறிஞ்சியதுதான்.

குழந்தை பிறந்து நஞ்சு விழுந்த பிறகு, உறவினர் அனைவரும் சிசுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில், தாயின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பவள் ஒருத்தி வேண்டும். பிரசவ அறையில் அவள் ஒரு கையை அடிவயிற்றின் கீழே அணைகொடுத்து, மறுகையைத் தொப்புளருகே வைத்துக் கர்ப்பப்பையைத் தேடுகிறாள். சுருங்கிய கர்ப்பப்பை கொய்யாக்காய் போலக் கெட்டியாகக் கையில் தட்டுப்படும். தொளதொளவென்று இருந்தால் உடனே தேய்த்துச் சுருங்கச் செய்கிறாள். தொப்புளுக்கு மேலேறி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், மூத்திரப்பை நிறைந்திருக்கிறதென்று உணர்ந்து முதலில் அதைக் காலி செய்விக்கிறாள். துணியை மாத்திரம் பார்த்து அவள் திருப்தியடைவதில்லை; ரத்தம் முதுகுக்குக் கீழே ஓடித் தேங்கும் என்பதால், ஒருக்களித்துப் படுக்கவைத்து அங்கேயும் பார்க்கிறாள். கண்மதிப்பு ரத்தத்தைக் குறைத்தே காட்டும். ஆப்பிரிக்க நாடுகள் நான்கில் 80 ஆஸ்பத்திரிகளில் நடந்து 2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அளவுக்கோடிட்ட விரிப்பைத் தாயின் அடியில் விரித்து ரத்தத்தை அளந்து, உடனடியாகச் சிகிச்சைகளை ஒருங்கே தொடங்கியதன் பலனாகக் கடுமையான விளைவுகள் 60 சதவீதம் குறைந்தன.

ஜன்னியைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் செலுத்தும்போதும் இதே அவதானம் வேண்டும். அடுத்த ஊசிக்கு முன் நர்ஸ் முழங்காலில் தட்டிப் பார்க்கிறாள், மூச்சை எண்ணுகிறாள், மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் இறங்குகிறதா என்று கவனிக்கிறாள். கால் துள்ளாவிட்டால் மருந்து மிகுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் கட்டிலருகிலேயே தயாராக இருக்க வேண்டும்.

பேறுகாலத் தாயை இப்படிக் காக்கும் மரபு இந்த ஜில்லாவில் நேற்று வந்ததன்று. 1916-ல் இங்கிலாந்திலிருந்து திரும்பித் தைக்காட்டு ஸ்திரீகள் ஆஸ்பத்திரியில் பொறுப்பேற்ற டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ், ஊர் மருத்துவச்சிகளைப் பகைக்காமல், அவர்களுடைய பிள்ளைகளுக்கே பிரசவப் பயிற்சி அளித்து அவர்களைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார். அவர்தாம் 1938-ல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். பின்னாளில், 2004 முதல், கேரளத்து மகப்பேறு மருத்துவர் சங்கம் டாக்டர் வி. பி. பைலியின் தலைமையில், யாரையும் குற்றஞ்சாட்டாமல் பேறுகாலத் தாய்மாரின் மரணங்களை ரகசியமாக ஆராய்ந்துவருகிறது. ரத்தப்போக்கும் உயர் ரத்த அழுத்தமுமே முதன்மையான காரணங்களென்று அது கண்டது. 2018-20 கணக்கில் உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு இந்தியா முழுவதிலும் 97 தாய்மார் மாண்டிருக்க, கேரளத்தில் 19 பேர். போற்றத்தக்க எண்தான். ஆயினும் சராசரி எண்ணுக்கு மலையும் சமவெளியும் ஒன்றே.

வீடு திரும்பிய பச்சை உடம்புக்காரியை 3-ஆம் நாளும் 7-ஆம் நாளும் 42-ஆம் நாளும் பார்க்க வேண்டும் என்பது கிரமம். காய்ச்சல் உண்டா, தீட்டில் துர்நாற்றம் உண்டா, மார்பு கட்டியிருக்கிறதா, கெண்டைக்கால் வலிக்கிறதா, ஆபரேஷன் தையல் சிவந்திருக்கிறதா என்பவற்றோடு, அவள் தூங்குகிறாளா, காரணமின்றி அழுகிறாளா, சாப்பிட்டாளா என்பதும் கேட்கப்பட வேண்டும். கூலி வராத லயத்தில் இந்தக் கடைசிக் கேள்வி உபசாரம் அன்று, நோய் நிர்ணயத்தின் ஒரு பகுதி. 1970-களில் தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் சங்கமான உபாசி, லயத்துப் பெண்களிலேயே சிலரைத் தேர்ந்து, அண்டைக் குடும்பங்களின் ஆரோக்கியத்தைக் கவனிக்கப் பயிற்சி கொடுத்தது. ஊர்ப் பெண்களையே சுகாதார ஊழியராக்கும், 2005-ல் பிறந்த ஆஷா திட்டத்துக்கு அது முன்னோடி போன்றது. லயத்துக்காரியே லயத்துக்காரியிடம் கேட்டால், மறைத்த உபாதையும் வெளிவரும்.

கர்ப்பத்தின் 37-ஆம் வாரத்திலேயே மலையிறங்கி ஆஸ்பத்திரிக்கு அருகில் தங்கும்படி நர்ஸ் சொல்லிவிடலாம். தங்க இடம் எங்கே, அந்த நாட்களின் சோற்றுக்கு வழி என்ன? தோட்டத்தில் வைத்திய வசதி செய்வது முதலாளியின் கடமை என்று 1951-லேயே சட்டம் விதித்தது. பேறுகால விடுமுறை 2017-ல் கூலியோடு 26 வாரமாக உயர்ந்தது. கூலியே நின்றுபோன தோட்டத்தில் அவை காகிதத்தில் கிடக்கின்றன. தமிழ்நாட்டில் மலைவாழ் பழங்குடிக் கர்ப்பிணிகளுக்கென்று ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில், பிரசவத்துக்கு முன்னதாகவே வந்து தங்க அறைகள் உண்டு. விதுரா ஆஸ்பத்திரியை ஒட்டி அப்படி இரண்டு அறைகளும், துணைக்கு வரும் தாய்க்கோ மாமியாருக்கோ இரண்டு வேளைச் சாப்பாடும் ஏற்பாடாகி, பழங்குடியினர் பட்டியலில் இல்லாத தோட்டக் குடும்பங்களுக்கும் அவை திறந்திருக்க வேண்டுமென்று நான் கேட்கிறேன். அதற்கு ஆகும் செலவு ஓர் ஊராட்சியின் சக்திக்கு மீறியதாக எனக்குத் தோன்றவில்லை.