சறுக்குக் கட்டையின் கூர்விளிம்பு

கருவிக்கு உயிர் அதன் கூர்மையே என்பர். ஆல்ப்ஸ் மலைநாடுகளிற் குளிர்காலத்து மக்கள் ஸ்கீ என்னும் நீண்ட சறுக்குக் கட்டைகளைக் காலிற் பூட்டிக்கொண்டு, பனிபடர்ந்த சரிவுகளில் விரைந்து இறங்குவர். காண்பார்க்கு அக் கட்டைகளே வியப்பளிக்கும். ஆயின், இறங்குவானைக் காத்து நிற்பது அவற்றின் அடியோரத்தே ஓடும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலமுள்ள எஃகுக் கீற்றேயாம். அதனைப் பேணும் முறையை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

முன்னாளில் அக் கட்டை முழுதும் மரத்தாலாயது. இறுகிய பனிக்கட்டியில் உராயுந்தோறும் மரத்தின் ஓரம் மழுங்கியது. மழுங்கவே, சரிவிலே பிடிப்பின்றிக் கால் வழுவியது. இக் குறையை நீக்க எண்ணிய ஆஸ்திரியா நாட்டு ருடால்ஃப் லெட்னர் என்பார், சிறு சிறு எஃகுத் துண்டுகளைத் திருகாணிகளால் ஓரத்திற் பொருத்தும் முறையைக் கண்டு, 1926ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றனர். இந்நாளில் அத் துண்டுகளுக்கு மாறாக நீண்ட எஃகுக் கீற்றே பதிக்கப்படுகின்றது.

இவ் விளிம்பு சரியான செங்கோணமாய் இருத்தல் வேண்டும் எனக் கருதுவார் உளர், அஃது அன்று. அடிப்புறத்து எஃகைப் பெரும்பாலும் அரைப் பாகை முதல் ஒரு பாகை வரை மேனோக்கிச் சாய்ப்பர். இன்றேல், கட்டை தட்டையாய்ச் செல்லும்போதும் ஓரம் பனியைக் கவ்வி ஆளை வீழ்த்தும். பக்கத்தை 1 முதல் 3 பாகை வரை உட்சாய்ப்பர். அடியில் 1 பாகையும் பக்கத்தில் 2 பாகையும் சாய்ப்பின், எஞ்சும் கோணம் 89 பாகையாம். கை இக் கணக்கினின்று பிறழாவாறு, அரத்தைக் கோணங்காட்டும் தாங்கியிற் பொருத்தியே தேய்ப்பர்.

இனிச் செய்முறை யாதெனில், முதலிற் கட்டையைத் துடைத்து உலர்த்தி, அசையாவண்ணம் பட்டறைப் பலகையிற் பூட்டுதல் வேண்டும். பின்னர் விளிம்பினை நுணுகி நோக்குக. பாறையில் மோதிய இடத்தில் எஃகு நொடிப்பொழுதிற் சூடேறி ஆறுதலால், அவ்விடம் மட்டும் மிகக் கடினமாகிவிடும். அதன்மேல் அரத்தை ஓட்டின் அரம் வழுக்கும். அரத்தின் பற்களே கெடும். ஆகலின், வைரத்தூள் பதித்த கல்லால் அவ்விடத்தை முன்னரே தேய்த்து நீக்கல் இன்றியமையாதது. அறியாதார் பலர் பிழைசெய்வது ஈண்டேயாம்.

அடுத்து, அடிப்புறத்தைச் சிறிதே தேய்த்துப் பின் பக்கத்தைத் தேய்க்க. அடிப்புறத்தில் மிகுதியாகத் தேய்த்துவிடின், கட்டையின் அடிப்பரப்பு முழுவதையும் அரைத்தாலன்றிப் பழைய நிலை மீளாது. அரத்தை முன்னும் பின்னுமாக இழுத்தல் ஆகாது. முனையிலிருந்து வால்நோக்கி ஒரே போக்காக, ஒத்த அழுத்தத்துடன் செலுத்துக. இடையிடையே அரத்திற் படியும் துகளைத் தூரிகையால் தட்டுக. இறுதியில் எழும் பிசிறினை நனைத்த நுண்கல்லால் நீக்குக. நகத்தை விளிம்பின் குறுக்கே மெல்ல இழுக்க, நகத்துகள் சுரண்டப்படுமாயின் கூர்மை அமைந்தது எனக் கொள்க.

பனியினின்று மீண்டவுடன் ஈரத்தைத் துடையாது விடின் ஓரிரவிலும் துருவேறும். நெடுநாள் வைப்பதாயின், விளிம்பின்மேலும் மெழுகு பூசி வைத்தல் நன்று.

ஈண்டு உய்த்துணர வேண்டுவது ஒன்றுண்டு. அவ் வெஃகு அளவிற்பட்டது. அரம் படுந்தோறும் அது குறையுமேயன்றி வளராது. ஆதலின், நாடோறும் கல்லால் இரண்டொரு முறை வருடிப் பேணுவானுக்கு அரத்தின் தேவை அரிதாகும். பலநாள் வாளாவிருந்து ஒருநாள் முரட்டுத்தனமாய்த் தேய்ப்பானோ, கூர்மையைப் பெறும்பொருட்டுக் கருவியையே இழப்பான். மாணவ அன்பர்காள்! ஆண்டு முழுதும் நூலைத் தொடாது தேர்வுக்கு முன்னிரவில் கண்விழிக்கும் நமக்கும் இவ் வுண்மை பொருந்துமன்றோ?